சாம்பிள் பார்க்காமல் லோடு இறக்கலாமா?



துவரம் பருப்பு லாரி வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? நாலு மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, வண்டு, கல், ஈரம் எல்லாம் பார்த்த பிறகுதான் 'இறக்குப்பா' என்கிறோம். இருபது வருடமாகச் சரக்கு அனுப்புகிற மண்டிக்காரர் என்றாலும் இந்த வழக்கத்தை விடுவதில்லை. ஆனால் நமது கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் யாரோ புதுச் சரக்கை இறக்கும்போது மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் நாம் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

நமது மொத்த மளிகைக் கடையில் பில் போட ஆறு மேஜைகள். முன்பு ஆறிலும் முழுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் வைரஸ், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க் பழுது என்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிப்பேருக்கே போகும். பிறகுதான் 'தின் கிளையன்ட்' என்னும் சின்னப் பெட்டிகளுக்கு மாறினோம். கணக்கு, சரக்கு இருப்பு, விலைப் பட்டியல் எல்லாம் சர்வரில் இருக்கும். பெட்டி என்பது சர்வருக்குள் போகும் வாசல் மட்டுமே. கரண்ட் செலவும் குறைவு. 2025 செப்டம்பர் 22 அன்று நெய், சோப்பு, பற்பசை போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தபோது, சர்வரில் ஒரே இடத்தில் மாற்றினோம். ஆறு மேஜையிலும் மாறிவிட்டது. ஆக, இந்த முறையைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல.

அந்தப் பெட்டிக்கும் சொந்தமாகக் கொஞ்சம் புத்தி வேண்டுமல்லவா? அதற்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் அது பதிந்திருக்கும். அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு பெட்டியாகத் திறக்க வேண்டியதில்லை. சர்வரில் அதற்கென்று உள்ள ஃபோல்டரில் புது ஃபைலை வைத்தால் போதும். காலையில் சுவிட்ச் போட்டதும் பெட்டி அங்கே போய் உத்தரவு ஃபைலைப் படிக்கும். தன்னிடம் உள்ளதும் அங்கே உள்ளதும் வேறாக இருந்தால், அதை இழுத்துத் தன் சிப்பில் எழுதிக்கொண்டு மறுபடி எழும். யாரையும் கேட்காது. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

2024 தீபாவளிக்கு முந்திய வாரம். சர்வீஸ் பையன் முதல் நாள் இரவு புது ஃபைலை வைத்துவிட்டு, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். காலை எட்டு மணிக்கு ஆறு பெட்டியும் ஒன்றாகப் புது ஃபைலை இழுக்கத் தொடங்கின. பாதியில் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். சர்வருக்கு மட்டுமே இருந்தது. சிப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் பெட்டி புதியதும் இல்லாமல் பழையதும் இல்லாமல் போய்விடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். இரண்டு பெட்டிகள் எழவே இல்லை. மற்ற நான்கும் எழுந்தன. ஆனால் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை.

பழைய ஃபைலைப் போடலாம் என்றால், அதன் மேலேயே புதியதை எழுதி அழித்திருந்தார்கள். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போக வாசல்தான் இல்லை. சர்வரின் கீபோர்டு ஒன்றிலேயே மாலை வரை ஆறு மேஜை பில்லையும் போட்டோம். இ-இன்வாய்ஸ் போட வேண்டிய கடை. துண்டுச் சீட்டில் எழுதிச் சரக்கை அனுப்ப முடியாது. வெளியூரிலிருந்து வேன் கொண்டுவந்த சில்லறைக் கடைக்காரர்கள் பலர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அதில் இரண்டு பேர் இன்றுவரை நம் கடைக்குத் திரும்பவில்லை. பெட்டிக்கு ஆன செலவை விட அந்த வருத்தம்தான் பெரிது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகமெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எல்லாருக்கும் போனதுதான் சேதம் அவ்வளவு பெரிதானதற்குக் காரணம்.

'அப்படியானால் அப்டேட்டே வேண்டாம்' என்பார் சிலர். அதுவும் தவறு. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்டவர்களைத்தான் அந்த மே மாதம் வான்னாகிரை வைரஸ் பிடித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே திண்டாடின. ஆகவே போடத்தான் வேண்டும். போடும் முறைதான் முக்கியம்.

நாம் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். புது ஃபைலை முதலில் ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் கொடுக்கிறோம். அப்படித் தனியாக உத்தரவு கொடுக்க வழி உண்டு. மூன்று நாள் அந்த மேஜையில் பில் அடித்து, பார்கோடு, தராசு, பிரிண்டர் எல்லாம் ஒத்துப்போன பிறகே மற்றவற்றுக்கு விடுகிறோம். பழைய ஃபைலையும் உத்தரவு ஃபைலையும் வேறு ஃபோல்டரிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்திருக்கிறோம். பண்டிகை வாரத்திலும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டியும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சிறு யு.பி.எஸ். உண்டு. சர்வரின் பாஸ்வேர்டு முதலாளியின் பெட்டகத்தில் எழுதி இருக்கிறது. எஃப்.டி.பி. முறையில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும் என்பதால், அந்த ஃபைல் சர்வரை வெளி இணையத்துக்குத் திறந்து வைப்பதும் இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களோடு நாம் போடும் வருட ஒப்பந்தத்தில் 'கடை உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் எந்த அப்டேட்டும் போடக்கூடாது. பழைய ஃபைலை அழிக்கக்கூடாது' என்று இரண்டு வரி இருக்க வேண்டும். தனிக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். சங்கமே மாதிரி ஒப்பந்தம் ஒன்று தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆறு பெட்டிக்கு ஒரு பெட்டி பதம்.