நெடுந்தீவுக் கடலில் இரட்டை இயந்திரம் ஆடம்பரமா?

"இருக்கிற படகு போதும்" என்கின்றனர் சிலர். சொல்பவர் எவர்? குறிகட்டுவான் துறையில் காலையிற் காத்து நின்று, அலை எறிந்த நீரில் உடை நனைந்து, ஒரு மணி நேரம் குலுங்கிக் கரை சேர்ந்தவரா? அல்லர். மின்விசிறியின் கீழிருந்து கணக்கெழுதுபவரே அவ்வாறு சொல்கின்றனர். நெடுந்தீவுக் கடற்பாதைக்குப் பெரிய, விரைவான, இரட்டை இயந்திரப் படகு வேண்டும் என்றால், "இது செல்வர் விளையாடும் பந்தயப் படகன்றோ, ஏழைத் தீவுக்கு எதற்கு?" என்று நகைக்கின்றனர். அந்த நகைப்புக்கு இன்று விடையிறுக்க விரும்புகின்றோம்.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலம். அங்கே பள்ளிக்கூடமுண்டு, வைத்தியசாலையுண்டு, பிரதேச செயலகமுண்டு, பனையும் கால்நடையுமுண்டு. இல்லாதது ஒன்றே: யாழ்ப்பாணத்துடன் இணைக்கும் தரைப்பாதை. வேலணையையும் புங்குடுதீவையும் தாம்போதிகள் இணைத்தன. நெடுந்தீவானுக்குக் கடலே தெரு, படகே பேருந்து, அதுவே நோயாளர் வண்டி. மற்ற ஊர்களில் தெரு பழுதானால் மக்கள் சுற்றுவழி செல்வர். இங்கே படகு பழுதானால் சுற்றுவழி ஏது?

அக்கடலின் இயல்பையும் அறிந்துதான் பேச வேண்டும். பாக்குக் கடல் ஆழமற்றது. ஆழமற்ற நீரிற் காற்று அடித்தால் அலை நீண்டு புரள்வதில்லை; குறுகி, செங்குத்தாக எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக மோதும். சிறிய படகு ஓர் அலையின் முடியிலிருந்து அடுத்த அலையின் பள்ளத்திலே தலைகுப்புற விழும். நீளமான படகு இரண்டு அலைகளின் மேல் ஒருங்கே தங்கிக் கடக்கும். தட்டையான அடிப்பாகம் நீரை அறையும்; கூர்மையாக வெட்டிய அடிப்பாகம் நீரைப் பிளக்கும். இது புதுக் கண்டுபிடிப்பன்று. அமெரிக்கச் சிற்பி றேமண்ட் ஹண்ட் வகுத்த ஆழ்ந்த கூர் அடியுடைய "மொப்பி" என்னும் படகு, 1960இல் மயாமியிலிருந்து நாசோ வரை நடந்த பந்தயத்தில் கொந்தளித்த கடலைக் கிழித்து முதலாவதாகச் சென்றது. அன்று பந்தயக்காரர் கற்ற பாடம் அதன்பின் உலகெங்கும் மீட்புப் படகுகளுக்கும் காவற் படகுகளுக்கும் பயன்பட்டது. பந்தயப் படகென்று நகைப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். செல்வரின் விளையாட்டிற் பிறந்த அறிவு ஏழையின் உயிரைக் காக்கக் கூடாதென்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

இனி இரண்டு இயந்திரத்தின் நியாயத்தைக் கேளுங்கள். கமக்காரருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. நீரிறைக்கும் இயந்திரம் ஒரு நாள் நின்றால் வெங்காயப் பாத்தி வாடும். அயலவனிடம் இரவல் வாங்கி மறுநாள் இறைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் யாரிடம் இரவல் வாங்குவது? வாடைக் காலத்தில் அவ்வாறு நின்ற படகு தென்மேற்கே அள்ளுண்டு போகும். அத்திசையிற் கச்சதீவு, அதற்கப்பால் சர்வதேச எல்லைக் கோடு. ஒன்று நின்றாலும் மற்றையது ஓடினால், படகு விரைவை இழக்கும், ஒரு பக்கம் இழுக்கும், ஆமைபோல் ஊரும். ஆனாற் கரை சேரும். அத்துடன், ஒன்றை முன்னும் மற்றையதைப் பின்னும் ஓட்டி, படகை நின்ற இடத்திலேயே திருப்பலாம். சோழகம் வீசும் வேளையில் துறைமேடையை அணுகிய மாலுமியைக் கேளுங்கள், இதன் பெறுமதியைச் சொல்வான்.

ஆயினும், பெரிய படகு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கைதட்டுவோருடனும் நாம் உடன்படவில்லை. இரண்டு இயந்திரம் பூட்டி, இரண்டுக்கும் ஒரே எண்ணெய்த் தாங்கியை வைத்தால் பயன் யாது? அந்தத் தாங்கியிலே தண்ணீர் கலந்தால் இரண்டும் ஒரே வேளையில் மூச்சடங்கும். தாங்கி வேறு, வடி வேறு, மின்கலம் வேறு என்று பிரித்தமைத்தால் மட்டுமே இரண்டு இரண்டாகும். இல்லையேல் அது இரட்டை விலை கொடுத்து வாங்கிய ஒற்றை இயந்திரமே.

செலவையும் மறைக்க மாட்டோம். ஒரே மொத்தக் குதிரைவலுவை இரண்டு இயந்திரத்திற் பிரித்தால் எரிபொருட் செலவு இருமடங்காவதில்லை. ஆனால் எண்ணெய் மாற்றுவது இருமுறை, பற்சக்கரப் பெட்டி இரண்டு, சுழல்விசிறி இரண்டு. பராமரிப்பு உண்மையாகவே உயரும். விரைந்தோடும் படகு மெல்லச் செல்லும் பழைய லோஞ்சைவிட அதிகம் எரிக்கும் என்பதும் உண்மை. ஆகவே நாம் கேட்பது படகை மட்டுமன்று. ஆண்டுதோறும் எரிபொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் ஒதுக்கிய பணம், பயிற்சி பெற்ற மாலுமிகள், ஒன்று திருத்தத்துக்கு ஏறும்போது ஓடுவதற்கு மாற்றுப் படகு, இவை யாவும் சேர்ந்ததே சேவை. மாலை சூட்டி, நாடா வெட்டி, படம் பிடித்து, பின்பு துறையிற் கட்டிவைக்கும் படகு மக்களுக்கு வேண்டாம். அதனினும் ஓடுகின்ற தோணி மேல்.

"பணமில்லை" என்ற பாட்டு அடுத்து வரும். 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 150 பேர் ஏறக்கூடிய அதிவேகக் கப்பல் வந்தது. இரு நாட்டுத் தலைவர்களும் வாழ்த்தினர். சில நாட்களிலேயே பருவக்காற்றைக் காட்டி அது நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்டில் வேறு கப்பலுடன் சேவை மீண்டது. அதனை நாம் குறைகூறவில்லை, வரவேற்கின்றோம். ஆனால் நாடு விட்டு நாடு செல்லும் பயணிக்கு விரைவு தேவை என்று உணர்ந்த உள்ளங்களுக்கு, ஒரே மாவட்டத்துக்குள் பிரசவ வேதனையுடன் கடல் கடக்கும் தாய்க்கும் விரைவு தேவை என்பது ஏன் உறைக்கவில்லை? அவசர வேளைகளிற் கடற்படையின் படகுகள் நோயாளரை ஏற்றிவந்ததுண்டு. செய்த உதவிக்கு நன்றி. எனினும் குடிமகனின் உயிர் பிறர் தயவிலே தொங்கலாகாது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைச் சலுகையாகப் பெறுவது சுயமரியாதை உள்ள மக்களுக்கு அழகன்று.

நெடுந்தீவு மக்கள் கடலிற் கொடுத்த விலை கொஞ்சமன்று. 1985 மே 15இல் குமுதினிப் படகிற் சென்ற பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் அத்தீவு நடுங்கும். அத்தகைய மக்களை ஏலாத படகில் ஏற்றி, "ஏதும் நேர்ந்தாற் பார்ப்போம்" என்பது எவ்வகை நீதி? நேர்ந்த பின்பு பார்ப்பதன் இலட்சணத்தை நாடு 2021 நவம்பர் 23இல் கண்டது. கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியுமுன் மக்களை ஏற்றிய மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டனர். பாதுகாப்பான மாற்றுவழி வேண்டுமென்ற எண்ணம் அதன் பின்னரே பலருக்குப் பிறந்தது. பிணங்களை எண்ணிய பின்புதான் படகை எண்ணுவதா?

எமது கற்றோருக்கும் ஒரு வார்த்தை. தீவுக்கு மாற்றம் கிடைத்தால் அதனைத் தண்டனை என்று கருதி, கொழும்பு வரை ஆள் பிடித்து ஓடும் ஆசிரியரும் வைத்தியரும் உத்தியோகத்தரும் நம்மவரே. அவர் ஓடுவதற்குக் காரணம் தீவன்று, பாதை. காலையிற் சென்று மாலையில் நிச்சயமாகத் திரும்பலாம் என்ற நம்பிக்கை பிறந்தால், அங்கே வெற்றிடம் நிரம்பும், பிள்ளை படிக்கும், நோயாளி பிழைப்பான். கமக்காரரே, நீங்கள் தெருவுக்கும் குளத்துக்கும் போராடியவர்கள். நெடுந்தீவானின் பாலும் மீனும் சந்தைக்கு வரும் வழியும் ஒரு தெருவே. உங்கள் தெருவுக்காகக் குரல் எழுப்பும்போது அந்தத் தெருவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆகவே எமது கோரிக்கை சுருக்கமானது. அலைக்கு ஏற்ற நீளமும் கூரிய அடியும் உடைய படகு. ஒன்றையொன்று நம்பாத இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொரு பயணிக்கும் உயிர்காப்பு அங்கி. தடையின்றி ஓட்டுவதற்கு ஆண்டுப் பணம். வாக்குக் கேட்டு மாவிலித்துறையில் இறங்குவோர் யாராயினும், இந்த நான்கையும் எழுத்தில் வைத்துவிட்டுக் கரையேறட்டும். வெறும் வாக்குறுதியுடன் வருவோரை, அவர் வந்த படகிலேயே, வாடைக் காற்று வீசும் நாள் பார்த்துத் திருப்பி அனுப்புங்கள். அந்த ஒரு மணி நேரப் பயணம், நாம் எழுதும் நூறு கட்டுரைகளைவிட நன்றாக அவருக்குப் புத்தி புகட்டும்.