மஞ்சள் விளக்கு சொல்லாததை எஸ்டிமேட் சொல்கிறது

கீழ்பென்னாத்தூரில் சொந்தக் கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்த அனுபவத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் இல்லை, இழுவையும் குறையவில்லை. திடீரென்று டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டுப் பார்த்தாலும் மறுபடி எரிகிறது. ஆஸ்பத்திரி, கல்யாணம், பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் உறவுக்காரர்கள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். மனசு கேட்காமல் கம்பெனி சர்வீஸுக்கு ஓட்டிப் போகிறார்கள்.

பத்து நிமிஷம் ஸ்கேன். அரை மணியில் எஸ்டிமேட். "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தியே ஆகணும்." ஒரு போகம் மல்லாட்டை விற்ற காசு அந்த ஒரு தாளுக்குப் போதாது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஸ்கேனில் என்ன கோட் வந்தது, அதன் பிறகு எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்? நம் ஊரில் இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் நமக்கு இருக்கிறது. கேட்பது உரிமை.

கோட் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு மேலே, பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதன் பெயர் ஓபிடி. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் பிஎஸ் 4 மாசு விதிகளோடு 2010-இல் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. தீப்பெட்டி போன்ற ஒரு புளூடூத் ரீடரை அதில் செருகினால், போன் திரையில் ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று தெரியும். அந்த ரீடர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. கோட் விழுந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை சூட்டில் இருந்தது என்ற பதிவும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

மேலே சொன்ன எஸ்டிமேட்டுக்குப் பின்னால் வழக்கமாக இருப்பது பி0420 என்ற கோட். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். கன்வெர்ட்டரைக் கழற்றி எறி என்று அது சொல்லவில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்சென்சாரின் அளவு ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும், பின்சென்சார் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இப்படி இருந்தால் கன்வெர்ட்டர் நலமாக இருக்கிறது. பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் சந்தேகப்படலாம். அப்போதும் புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா, சென்சார் கெட்டதா, அதன் ஒயர் அறுந்ததா என்று பார்த்த பிறகே பெரிய செலவைப் பற்றிப் பேச வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய பொருள் கன்வெர்ட்டர். சோதிக்காமல் மாற்றச் சொல்வது, காய்ச்சல் என்று வந்தவரை நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவது போல.

பி0171 வந்தால் இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். கிழிந்த ரப்பர் ஹோஸாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றோட்ட சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்பின் பலவீனமாகவும் இருக்கலாம். முதலாவதற்கும் கடைசியானதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நெல்வயலும் மல்லாட்டைக் கொல்லையும் சூழ்ந்த ஊர்களில் எலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பானட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடித்துவிட்டுப் போய்விடும். கோட் சென்சாரின் பெயரைச் சொல்லும், சென்சாரோ நன்றாக இருக்கும்.

அதற்காக எல்லா விளக்கையும் அலட்சியப்படுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம்கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். ஓட்டினால் இன்ஜினே போய்விடும். சூடு காட்டும் சிவப்பு விளக்கும் அப்படித்தான். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் நல்ல கன்வெர்ட்டரையும் பாழாக்கும். ஏர்பேக் விளக்கைச் சாலையோரப் பட்டறையில் நோண்டக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பவரிடமும் கவனம் தேவை. குறை அப்படியே இருக்கும், பதிவு மட்டும் அழிந்திருக்கும்.

சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் பையன்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. வியர்வை சிந்தி வேலை பார்க்கிறவர்கள்தான். கோளாறு அமைப்பில் இருக்கிறது. இதற்கு நாட்டளவில் ஒரு வழக்கே சாட்சி. 2011-இல் சம்ஷேர் கட்டாரியா என்பவர் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரிபாகங்களையும் பழுதைக் கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கிறார்கள் என்பது புகார். விசாரணை மற்ற நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு உட்பட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அபராதத்தைவிட முக்கியம் அந்த உத்தரவு இட்ட கட்டளைகள். உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் விற்கத் தடை போடக் கூடாது. கண்டறியும் கருவிகள் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும். வெளியே வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுதாக ரத்து செய்யக் கூடாது. தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் மீதான முடிவை உறுதி செய்தது. அபராதத்தை மட்டும் உதிரிபாக, சர்வீஸ் வருமானத்தின் அடிப்படையில் கணக்கிடச் சொல்லிக் குறைத்தது.

இத்தனைக்குப் பிறகும் "வெளியே கை வெச்சா வாரண்டி போயிடும் சார்" என்ற வார்த்தையைக் கேட்டுப் பயந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் உண்டு. அது போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே இந்த உரிமையை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டு வென்றது. பழுதைக் கண்டறியும் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் தந்தாக வேண்டும் என்று இங்கேயும் சட்டமே வர வேண்டும். கீழ்பென்னாத்தூர் பட்டறைக்காரர் கையில் அந்தத் தகவல் இருந்தால், சின்ன ஹோஸுக்காக யாரும் திருவண்ணாமலை வரை அலைய வேண்டியதில்லை.

சட்டம் வரும்வரை இருப்பதைப் பயன்படுத்தலாம். கோட் எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பொருள் விலை தனியாக, கூலி தனியாக, ஜிஎஸ்டி தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் சென்னையிலேயே இருந்தாலும், கீழ்பென்னாத்தூரில் குடியிருப்பவர் திருவண்ணாமலையிலேயே வழக்குப் போடலாம். அங்கே பேசப்போவது அந்த ஜாப் கார்டும் பில்லும்தான். பத்திரமாக எடுத்து வையுங்கள்.