ஐந்து உயிரும் ஒரே சொல்லில்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் சாப்பாடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைக்கவில்லை, அக்காள் மகள் கலா வழிமறித்தாள். காலேஜில் முதல் வருஷம். தலை நிறைய ஆங்கிலம்.

"மாமா, ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து, ஏ, ஈ, ஐ, ஓ, யூ. அந்த ஐந்தும் இருக்கிற ஒரே சொல் சொல்லுங்கள் பார்க்கலாம். சொன்னால்தான் காபி!"

நமக்கு உயிரெழுத்து பன்னிரண்டு. அவர்களுக்கு ஐந்தே ஐந்துதான். ஆனாலும் அந்த ஐந்தையும் ஒரே சொல்லில் பிடிப்பது அத்தனை சுலபமாக இல்லை. உத்தரத்தைப் பார்த்தேன்; ஊஞ்சலைப் பார்த்தேன். கடைசியில் கலாவின் கைப் புத்தகத்தைப் பார்த்ததும் பளிச்சென்று தோன்றியது.

"எஜுகேஷன்!" என்றேன். கல்வி. ஒன்பது எழுத்து, ஐந்து உயிரும் ஆளுக்கு ஒரு தடவை வந்து போகின்றன.

"இது எல்லோரும் சொல்வது, மாமா. ஐந்தும் வரிசை மாறாமல் வரவேண்டும். அப்ஸ்டீமியஸ்! ஏ, பி, எஸ், டி, ஈ, எம், ஐ, ஓ, யூ, எஸ்."

விரல் விட்டு எண்ணினேன். பத்து எழுத்து. உயிர்கள் ஐந்தும் ரேஷன் கடை வரிசை போல முன்பின் மாறாமல் நின்றன.

"அர்த்தம்?"

"சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருப்பவர் என்று பொருள். லத்தீனிலிருந்து வந்தது. 'அப்ஸ்' என்றால் விலகி. 'டெமேட்டம்' என்றால் மது. மதுவை விட்டு விலகியவரைத்தான் முதலில் சொன்னார்களாம். அப்புறம் சாப்பாட்டுக்கும் சேர்த்துக்கொண்டார்கள்."

"சரி, உன் மாமாவுக்குப் பொருந்தாத சொல். மேலே சொல்லு."

"ஃபஸீஷஸ். எஃப், ஏ, ஸி, ஈ, டி, ஐ, ஓ, யூ, எஸ். இதிலும் அதே வரிசை. வேளை தெரியாமல் வேடிக்கை பேசுகிறவர்களுக்குச் சொல்வது. இது உங்களுக்குப் பொருந்தும், மாமா!"

காபி வந்தது. கலா நிறுத்தவில்லை. தலைகீழாகவும் உண்டாம். 'சப்கான்டினென்டல்', பதினாலு எழுத்து: யூ, ஓ, ஐ, ஈ, ஏ என்று பின்னாலிருந்து முன்னால் வருகிறது. துணைக்கண்டத்தைச் சேர்ந்தது என்று பொருள், நம்மைத்தான். 'அன்காம்ப்ளிமென்டரி' பதினைந்து எழுத்து; அதுவும் அப்படியே தலைகீழ். பாராட்டாக இல்லாத பேச்சுக்கு அந்தப் பெயர். கல்யாண வீட்டில் பந்தியை விட்டு எழுந்து கை கழுவும்போது சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொள்வார்களே, அந்த ரகம்.

"நீளமாகத்தான் இருக்க வேண்டுமா? குட்டையாக ஒன்றும் இல்லையா?" என்றேன்.

"செக்வோயா! எஸ், ஈ, க்யூ, யூ, ஓ, ஐ, ஏ. ஏழே எழுத்தில் ஐந்து உயிர். ஆனால் ஆள் குட்டையில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் வளரும் மரம். 2006ஆம் ஆண்டில் அங்கே ஒரு மரத்தைக் கண்டுபிடித்து அளந்தார்கள். 115 மீட்டருக்கு மேல் உயரம்!"

அந்தப் பெயர் வந்த கதையையும் சொன்னாள். 1847இல் எண்ட்லிக்கர் என்ற ஆஸ்திரியத் தாவர நிபுணர் வைத்த பெயர் அது. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியில் செக்வோயா என்று ஒரு பெரியவர் இருந்தார். அவர் நினைவாக வைத்தது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அவர் வெள்ளி வேலை செய்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். வெள்ளைக்காரர்கள் காகிதத்தில் எழுதிச் சேதி அனுப்புவதைக் கண்டு, நம் மொழிக்கும் இப்படி வேண்டும் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து, 1821இல் செரோக்கி மொழிக்குத் தனி எழுத்தே உண்டாக்கிவிட்டார். முதலில் அதைக் கற்றுக்கொண்டவள் அவருடைய சின்னப் பெண் அயோக்கா. 1828இல் அந்த எழுத்தில் ஒரு பத்திரிகையே அச்சாகி வந்தது.

"எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு பாஷைக்கே எழுத்துக் கொடுத்தார், மாமா!" என்றாள் கலா, கண் விரிய.

அக்காள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏண்டீ, நான் ஒன்று சொல்லட்டுமா?" என்றாள்.

"உனக்கென்னம்மா தெரியும்? இது எட்டாங் கிளாஸ் சமாசாரம் இல்லை" என்றாள் பெண்.

அக்காள் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த காயை உயர்த்திக் காட்டினாள்.

"இது தேறுமா பார். கடைப் பலகையில் தினம் எழுதிப் போடுகிறானே: ஸி, ஏ, யூ, எல், ஐ, எஃப், எல், ஓ, டபிள்யூ, ஈ, ஆர்."

காலிஃபிளவர்! பதினோரு எழுத்து, ஐந்து உயிரும் அடக்கம். இத்தாலியிலிருந்து வந்த பெயர். முன்பாதி கோசு, பின்பாதி பூ. நாம் பூக்கோசு என்கிறோம். கணக்குச் சரியாகப் போயிற்று.

"அதிர்ஷ்டம்! இன்னொன்று சொல்லு பார்க்கலாம்" என்றாள் கலா, விட்டுக்கொடுக்காமல்.

அக்காள் தலை நிமிரவில்லை. காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"பி, என், ஈ, யூ, எம், ஓ, என், ஐ, ஏ."

கலா விரலை மடக்கினாள். ஈ, யூ, ஓ, ஐ, ஏ. ஐந்தும் இருந்தன. "நிமோனியா! அம்மா, முதலில் ஒரு பி உண்டு என்று உனக்கு எப்படித் தெரியும்? வாயால் சொல்லும்போது அது வராதே!"

"உனக்கு இரண்டு வயசு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கிற்று. அதில் இந்த வார்த்தை இருந்தது. வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எழுத்து மட்டும் தெரியுமே! பஸ் டிக்கெட்டின் பின்னால் அப்படியே பார்த்து எழுதி, ராத்திரி நர்ஸம்மாவிடம் நீட்டினேன். நுரையீரலில் காற்று போய்வருகிற சின்ன அறைகளில் நீரும் சளியும் கட்டிக்கொள்கிற நோய் என்று அவள்தான் சொன்னாள். குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினால், விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால், ஒரு நிமிஷம் காத்திருக்காதே என்றாள். அடுத்த வருஷம் எதிர்வீட்டுக் குழந்தைக்கு அப்படி இழுத்தபோது, வெறும் சளி என்று இருந்தவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தப் பையன் இப்போது பத்தாவது படிக்கிறான்."

கலா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நகரும்மா, மிச்சத்தை நான் நறுக்குகிறேன்" என்றாள்.

நிமோனியா என்பது நுரையீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்று வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தேன். ஆனால் அக்காள் தெரிந்துகொண்டது அகராதியில் இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். இதோ என் பங்குக்கு நாலு: முன்ஜாக்கிரதை என்று பொருள்படும் 'பிரிகாஷன்', பத்து எழுத்து. நயமாகப் பேசி ஒப்புக்கொள்ள வைக்கும் 'பர்சுவேஷன்', அதுவும் பத்து. நடத்தை என்று பொருள்படும் 'பிஹேவியர்', ஒன்பது. அமெரிக்கர்கள் எழுதினால் யூ விழுந்துவிடும், ஜாக்கிரதை! கேள்விகளை வரிசையாக அச்சடித்து நிரப்பச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்தத் தாளுக்குப் பெயரான 'கொஸ்சினேர்', பதின்மூன்று.

ஒரே ஒரு நிபந்தனை. சொல்லைச் சொன்னவர் பொருளையும் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. யாராவது நீளமான ஆங்கிலச் சொல்லை எழுதிக் கையில் கொடுத்தால், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று அங்கேயே, அப்போதே கேட்டுவிடுங்கள்.

பஸ் டிக்கெட்டில் எழுதிக் கேட்டாலும் போதும்.