என்ர லெப்டொப்பில ஓடுது, உங்கட இடத்தில?

வெள்ளவத்தையில், என்ர லெப்டொப்பில் டெஸ்ட் எல்லாம் பச்சை. சேர்வரில் ஒன்று சிவப்பு. பழைய பதிவுகளின் திகதி, நேரத்தைச் சரிபார்க்கிற டெஸ்ட் அது. லெப்டொப் கொழும்பு நேரத்தில் இருக்கு, சேர்வர் யூடிசியில். சரி எண்டு கிரேடிலை ஓட்டும்போது கொமாண்ட் லைனிலேயே கொழும்பு நேரத்தைக் குடுத்தன். அப்பவும் சிவப்புதான்.

காரணம் இதுதான்: கிரேடில் டெஸ்டுகளை வேறொரு ஜாவா புரோசஸில் ஓட்டுகிறது. நாங்கள் குடுக்கிற செட்டிங் கிரேடிலோடு நின்றுவிடும். பில்ட் ஃபைலில், டெஸ்ட் பகுதிக்குள், சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாக எழுதினால்தான் டெஸ்டுக்குப் போய்ச் சேரும்.

இதென்ன பெரிய விசயமா? எங்கட நாட்டில் பெரிய விசயம்தான். 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. 2003இல் கொழும்பில் ஆறு மணி என்றால் கிளிநொச்சியில் ஐந்தரை. ‘ஆசியா/கொழும்பு’ என்ற செட்டிங்குக்குக் கொழும்பின் நேரம் மட்டும்தான் தெரியும். கிளிநொச்சிப் பதிவை அதில் போட்டால் அரை மணித்தியாலம் பிழைக்கும், டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

ஆகவே எந்த நேரத்தை எடுக்கிறோம் என்பதை ஒருத்தற்ற லெப்டொப்பிலயோ ஞாபகத்திலயோ விடக்கூடாது. பில்ட் ஃபைலில் எழுதுங்கோ, ஏன் எண்டும் ஒரு வரி எழுதுங்கோ. நாளைக்குக் கொட்டாஞ்சேனையில இருந்து புதுசா ஒரு தங்கச்சி வந்து ஓட்டிப் பார்த்தால், ஆரிட்டயும் கேக்காமலே அவவுக்கு விளங்கவேணும்.