சங்கர் சிமெண்ட் கைமாறியது: உங்களுக்கு லாபமா, செலவா?



நீங்க சென்னையில வேலை பார்க்கறீங்க. எட்டயபுரத்துல அப்பா வீடு கட்ட ஆரம்பிச்சிருக்கார். ஈஎம்ஐ உங்களோடது. கரிசல் மண்ணுங்கறதால அஸ்திவாரம் ஆழமா போகணும், சிமெண்ட் கூடத்தான் இழுக்கும். இன்னொரு பக்கம், உங்க நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்குள்ள அல்ட்ராடெக் ஷேர் இருக்கு.

2024 டிசம்பரில், போட்டி ஆணையத்தின் (சிசிஐ) அனுமதியோடு, இந்தியா சிமெண்ட்ஸ் புரமோட்டர்களின் 32.72% பங்கை ஷேர் ₹390 வீதம் அல்ட்ராடெக் வாங்கியது. "ஷேர் ஏறுமா சார்?"னுதான் எல்லாரும் கேட்டாங்க. நான் கேட்கறது வேற: நம்ம ஊருக்கு லாரி வர்ற தூரத்துல, தனியா விலை வைக்கிறவங்க இனி எத்தனை பேர்?

சிமெண்ட் கனமான சரக்கு. தூரத்திலிருந்து வந்தா லாரி வாடகையே லாபத்தைத் தின்னுடும். அதனால அகில இந்திய மார்க்கெட் ஷேரைவிட பக்கத்து ஆலைகள்தான் முக்கியம். நமக்குத் தெற்கே தாழையூத்து சங்கர் நகர். அது இப்போ அல்ட்ராடெக் கையில். வடக்கே ராம்கோவின் ஆர்.ஆர். நகர். விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் அரசின் டான்செம்.

ஆள் குறைஞ்சா என்ன ஆகும்? 2012-ல் கூட்டு சேர்ந்து விலையை ஏத்தினதா சிசிஐ 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு ₹6,300 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. அந்தப் பட்டியலில் இந்த ரெண்டு கம்பெனியும் உண்டு. அவங்க அதை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனாங்க.

இப்போ ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆச்சு. ₹350 மூட்டை சுமார் ₹323-க்கு வரணும். அந்த ₹27 உங்க கைக்கு வருமா, கம்பெனியிலேயே நிக்குமாங்கறதை போட்டிதான் தீர்மானிக்கும். 400 மூட்டைக்கு அது ₹10,800. ஃபண்டுல ஒரு லட்சம் போட்டிருந்தா அதுல அல்ட்ராடெக் ஆயிரத்து சொச்சம்தான். அது 10% ஏறினாலும் நூறு ரூபாய் சொச்சம்!

இந்தியா சிமெண்ட்ஸ் நஷ்டத்தில் தவிச்சது உண்மை. ஆலை மூடறதைவிட கைமாறுறது மேல்தான். ஆனா அனுமதி கொடுத்ததோட ஆணையத்தின் வேலை முடியக்கூடாது. அந்தந்த வட்டார விலையையும் தொடர்ந்து கவனிக்கணும்.

நீங்க செய்ய வேண்டியது: மேஸ்திரி சொல்ற ஒரே பிராண்டோட நிக்காம, மூணு கம்பெனி விலை கேளுங்க. மூணும் ஒரே முதலாளியோடதான்னும் பாருங்க.