வண்டியை எங்கே நிறுத்த?

போன பொங்கலுக்கு முந்தின இரவு எங்கள் தெருவில் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். குற்றம் என் பக்கம் இருந்ததுதான் தயக்கத்துக்குக் காரணம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் நம்ம செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் ஆட்கள்தான். எப்படியும் காதுக்கு வந்திருக்கும். நானே சொல்லிவிடுகிறேன்.

இரவு பத்தரை மணி இருக்கும். மூன்று வீடு தள்ளி இருக்கிற மாமாவுக்கு நெஞ்சுவலி. எழுபத்தெட்டு வயசு. 108-க்குப் போன் போட்டார்கள், வண்டியும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் தெருமுனையோடு நின்றுவிட்டது. காரணம், பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த என் மகனுடைய கார். என் வீட்டு வாசலை ஒட்டித்தான் நின்றது. எதிர்ப்பக்கம் இரண்டு பைக். நடுவில் ஆட்டோ போகும், ஆம்புலன்ஸ் போகாது. கார்ச்சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மகன் சிநேகிதன் பைக்கில் ராஜபாளையம் போயிருந்தான். கடைசியில் ஸ்ட்ரெச்சரை நாலு பேர் தூக்கிக்கொண்டு நூற்றைம்பது அடி நடந்தோம். அதில் ஒரு கை என்னுடையது.

மாமா பிழைத்துவிட்டார். இப்போது காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவரோ அத்தையோ இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் நான் மாடி எடுத்தபோது பேரூராட்சிக்குக் கொடுத்த வரைபடத்தில் முன்பக்கம் ஒரு கட்டம் போட்டு 'கார் நிறுத்துமிடம்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். அந்தக் கட்டத்தில் இன்றைக்குக் கார் இல்லை. மூன்று தையல் மெஷின் ஓடுகிறது. நைட்டி தைக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஷட்டர் மாட்டி வாடகைக்கு விட்டு நாலு வருஷமாகிறது.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் மீட்டர் பார்க்கிற வேலை. சப்-கலெக்டர்கூட அத்தனை வீட்டு நடைக்குள் நுழைந்திருக்க மாட்டார். ஆரம்பத்தில் நான் போன வீடுகளில் திண்ணை இருந்தது, பக்கத்தில் தொழுவம் இருந்தது. சைக்கிள் நடையில் சுவரோடு சாய்ந்திருக்கும். பிறகு தொழுவம் போய் அந்த இடத்தில் தறி வந்தது. திண்ணையை இடித்துப் போர்டிகோ கட்டினார்கள், டிவிஎஸ் 50 அதில் ஏறியது. அதன்பிறகு போர்டிகோவுக்கு ஷட்டர் வந்தது. வீட்டு இணைப்பாக இருந்ததைக் கடை இணைப்பாக மாற்றித்தரச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தவர்கள் பலர். அப்போதெல்லாம் அட்டையைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். உள்ளே இருந்த வண்டி இனி எங்கே நிற்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தெருவுக்குத்தான் வந்திருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று பெயர். முன்பு சென்னைக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து 2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதியாக்கினார்கள். கட்டடம் வீடா, கடையா, ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா, பரப்பளவு எவ்வளவு என்பதைப் பார்த்து எத்தனை காருக்கும் எத்தனை இருசக்கர வாகனத்துக்கும் சொந்த மனைக்குள் இடம் விடவேண்டும் என்று அதில் அட்டவணையே உண்டு. கார் ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். நம்ம கணக்கில் சுமார் 135 சதுர அடி. தூண்கள் மட்டும் நிறுத்தி, தரைத்தளத்தை வண்டிக்காகத் திறந்து விட்டால் அந்தப் பரப்பைக் கட்டடக் கணக்கில் சேர்ப்பதில்லை என்கிற சலுகையும் இருக்கிறது.

விதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால் அண்ணாநகரும் வேளச்சேரியும்தான் தெரிகிறது. நம்ம ஊரில் மூன்று சென்ட், இரண்டரை சென்ட் மனைதான் அதிகம். பாகப்பிரிவினையில் ஒன்றரை சென்டாகப் போனதும் உண்டு. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதில் 135-ஐக் காருக்கு ஒதுக்கினால் மிச்சத்தில் குடும்பம் எங்கே படுக்கும்? அதனால் வரைபடத்தில் கார் நிற்கிறது, வீட்டில் நிற்பதில்லை. என் மாடிக்குப் படம் போட்ட இன்ஜினியர் தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, இது பேப்பர் கார். பெட்ரோல் போடவேண்டாம்" என்றான். நானும் சிரித்தேன்.

கட்டி முடித்தபின் யாராவது வந்து பார்க்கிறார்களா? அடுக்குமாடிக்கும் பெரிய கடைகளுக்கும் பணிமுடிப்புச் சான்று வேண்டும். 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய குடியிருப்புகளுக்கு அது தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம், அலைச்சல் மிச்சம், நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுயசான்று என்றால் நம் வாக்கை நம்பி அனுமதி தருகிறார்கள் என்று அர்த்தம். என் வாக்கின் லட்சணத்தைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

வரைமுறை என்கிற இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியதைப் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பிற்பாடு இன்னொரு தேதி வைத்து 113-சி வந்தது. தியாகராய நகர் கடைகளைப் பற்றிய வழக்குகள் நீதிமன்றத்தில் எத்தனை வருஷம் நடந்தன என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் கட்டு, பிறகு அபராதம் கட்டு என்று ஜனங்களுக்குப் பழக்கிவிட்டோம்.

சரி, சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். விதி எழுதுகிறவர்களுக்குக் கார்தான் முதலில் கண்ணில் படுகிறது. தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருசக்கர வண்டிதான். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஏழு பைக் நிறுத்தலாம், சைக்கிள் என்றால் அதற்கும் மேலே. அந்தக்காலத்து டூரிங் டாக்கீஸ்காரனுக்கு இது தெரிந்திருந்தது. கீற்றுக் கொட்டகை போட்டவன்கூட சைக்கிளுக்கு மூங்கில் கட்டி, சாக்பீஸால் சீட்டில் நம்பர் எழுதி, டோக்கன் கொடுத்தான். இரண்டாம் ஆட்டம் முடிந்து வந்தால் நம்ம சைக்கிள் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கும், அது வேறு கதை. ரயிலடியிலும் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தது. இன்றைக்குத் தளவாய்புரம் பக்கம் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளும், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வங்கி வாசலில் சைக்கிளை நிறுத்தினால் காவலாளி விரட்டுகிறார். கார் வந்தால் அவரே விசில் ஊதி இடம் பார்த்துக் கொடுக்கிறார்.

என்னுடைய யோசனை இதுதான். நம்ம மாதிரிப் பேரூராட்சிகளில் இரண்டு மூன்று சென்ட் வீட்டுக்காரனிடம் கார் கட்டம் கேட்காதீர்கள். இரண்டு பைக், இரண்டு சைக்கிள் நிற்க இடம் கேளுங்கள், அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அவனால் அது முடியும், பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. காரை வாங்குகிறவனிடம் தனியாகக் கேளுங்கள். ஜப்பானில் 1962-லிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது. கார் நிறுத்தச் சொந்த இடமோ வாடகை இடமோ இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கவேண்டும், அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். வீட்டோடுதான் இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டிலேயே மிசோரத் தலைநகர் ஐஸ்வாலில் கராஜ் இருப்பதைக் காட்டினால்தான் வண்டிப் பதிவு. மலைச்சரிவில் அவர்களால் முடிகிறதென்றால் கரிசல் காட்டுச் சமவெளியில் நம்மால் ஏன் முடியாது?

வாடகை இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பேரூராட்சிதான் ஏற்பாடு செய்யவேண்டும், அது அதற்குப் புதிய வேலையும் இல்லை. வண்டிப்பேட்டை என்று நாம் எதைச் சொன்னோம்? சந்தைக்கு வந்த மாட்டுவண்டியை அவிழ்த்துப் போட, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இடம். வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் பின்னால் வந்த ஊராட்சிகள் சட்டத்திலும் வண்டிப்பேட்டைக்கென்று பிரிவே இருந்தது. அந்தக்காலத்தில் தெருவில் மாட்டை அவிழ்த்துக் கட்டினால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? மதுரையில் வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். நமக்கு அத்தனை செலவு வேண்டாம். புறம்போக்கில் அரை ஏக்கர், நாலு மண்விளக்கு அல்ல, நாலு எல்இடி விளக்கு, ஒரு காவலாள், மாதக் கட்டணம். போதும்.

பெரிய கட்டடங்களுக்கு மட்டும் இந்த இரக்கம் கூடாது. முகூர்த்த நாளில் தென்காசி ரோட்டில் போய்ப் பாருங்கள். மண்டபத்துக்கு உள்ளே நிறுத்துமிடத்தில் பந்தி நடக்கும், வண்டிகள் இரண்டு பக்கமும் ரோட்டில் நிற்கும். ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர் எல்லாம் அப்படித்தான். தரைத்தளத்துக்குக் கீழே வரைபடத்தில் பார்க்கிங், உண்மையில் குடோன். 1997-இல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் செத்தது வாகன நிறுத்தத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயால். கார்கள் எரிந்து வந்த புகைதான் மேலே பால்கனியை நிரப்பியது. வாரியத்தில் இருந்தவனாகையால் அந்தச் செய்தி எனக்கு மறப்பதில்லை. நிறுத்துமிடம் என்றால் கணக்குக்கு ஒரு கட்டம் என்று நினைக்கிற மண்டபக்காரர்களுக்கு அதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஒரு முகூர்த்த நாளில் செயல் அலுவலர் வந்து பார்த்தாலே பாதி சரியாகிவிடும்.

நம்மால் தெருவைக் காலி பண்ணமுடியாது என்றும் சொல்லாதீர்கள். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் கிளம்புகிற அன்றைக்கு ரத வீதியில் ஒரு வண்டி நிற்குமா? ஆண்டாள் வருகிறாள் என்றால் ஒதுங்கத் தெரிகிறது. ஆம்புலன்ஸ் வரும் நாள் மட்டும் பஞ்சாங்கத்தில் போடுவதில்லை.

இனி என் கதை. பொங்கல் முடிந்ததும் முதலில் தோன்றியது, ஷட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் காருக்கே விட்டுவிடலாம் என்று. தைக்கிற அம்மாவிடம் போய் ஆரம்பித்தேன். "தை மாசத்துக்குள்ள வேற இடம் பார்த்துக்கம்மா" என்று சொல்ல நினைத்து வாசலில் நின்றேன். அவர், "அண்ணாச்சி, உக்காருங்க, காப்பி சொல்றேன்" என்றார். மூன்று மெஷினிலும் மூன்று பெண்கள். ஒருத்தியின் பிள்ளை துணிக்கட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் பத்து நாள் வருகிற காருக்காக இவர்களைக் கிளப்புவதா? காப்பியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வரைபடப்படி நான் செய்வது தப்புத்தான். ஆனாலும் என்னைக் கேட்டால் அந்த 135 சதுர அடியில் காரைவிட அந்த மெஷின்கள் இருப்பதே ஊருக்கு நல்லது. விதி இதற்கு வழி விடவேண்டும் என்பதுதான் என் வாதம். பேரூராட்சி நோட்டீஸ் கொடுத்தால் பதில் எழுதிக் கட்டவேண்டியதைக் கட்டிவிடுகிறேன்.

மகனிடம் பேசினேன். ஊருக்கு வெளியே சிநேகிதர் ஒருவருக்கு வேலி போட்ட காலிமனை இருக்கிறது. இனி அவன் வரும்போதெல்லாம் கார் அங்கேதான். நாளைக்கு ஐம்பது ரூபாய். சித்திரையில் வந்தபோது அப்படித்தான் நிறுத்தினான். அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் நடக்கவேண்டும். மருமகளுக்கு அதில் வருத்தம், என் வீட்டுக்காரிக்கு அதைவிட வருத்தம். பேரன் மட்டும் என் பழைய சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டு, "தாத்தா, இன்னொரு ரவுண்டு" என்றான். எங்களைப் பார்த்து மாமா திண்ணையிலிருந்து, "பிரேக் பிடிக்குதாய்யா?" என்று கேட்டார்.