கேட்டால் கொடுக்கும் ஈ வங்கி

பிள்ளைகளே! கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்னஞ்சிறு பழ ஈயைத்தான் சொல்கிறேன். அதற்குக் கண் சிவப்பு. 1910-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் ஈ ஒன்றைக் கண்டார். தம் குழு வளர்த்த ஈக்களை, கேட்ட ஆய்வாளர்களுக்கு அனுப்பியும் வைத்தார்.

இன்று அதே நாட்டின் புளூமிங்டன் நகரில் பழ ஈயின் மரபணுத் துண்டுகளுக்கே ஒரு பொதுச் சேமிப்பகம் உண்டு. துண்டைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது பெருகும்போது துண்டும் நகலாகும். கட்டணம் செலுத்தும் ஆய்வாளருக்கு ஒரு நகல் போகும், இருப்பு குறையாது.

"கஷ்டப்பட்டு எடுத்ததை ஏன் கொடுக்கணும்?" என்பீர்கள். (கணக்கு நோட்டைக் கையால் மறைப்பவர்களை எனக்குத் தெரியாதா!) பரீட்சையில் மறையுங்கள், சரிதான். ஆய்வில் மறைத்தால், நீங்கள் சொன்னது உண்மையா என்று மற்றவர் எப்படிச் சோதிப்பது? மார்கனோ, 1933-ல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தில்கூடத் தம் மாணவர்கள் இருவரின் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார்.